மழைக்குத் தப்பி வந்த தம்பதி: பால்மோரல் மாளிகை பிறந்த கதை

பால்மோரல் மாளிகை பிறந்ததற்கு முதல் காரணம் மழை. 1847ஆம் ஆண்டு கோடையின் கடைசியில் விக்டோரியா மகாராணியும் அவர் கணவர் ஆல்பர்ட்டும் பிள்ளைகளோடு ஸ்காட்லாந்துக்கு விடுமுறைக்குப் போனார்கள். தங்கிய இடம் லாகன் ஏரிக்கரையில் இருந்த ஆர்ட்வெரிகி என்ற வேட்டை மாளிகை. மலை இருந்தது, ஏரி இருந்தது, தனிமையும் இருந்தது. வெயில் மட்டும் இல்லை. வந்த நாளிலிருந்து மழை பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

அதே நாட்களில் ஸ்காட்லாந்தின் கிழக்குப் பக்கத்திலிருந்து வேறு மாதிரியான செய்தி வந்தது. அரச மருத்துவர் சர் ஜேம்ஸ் கிளார்க்கின் மகன் உடல்நலம் தேறுவதற்காக டீ நதிக்கரையில் பால்மோரல் என்ற வீட்டில் விருந்தாளியாகத் தங்கியிருந்தார். அங்கே நாள் முழுக்க வெயில், காய்ந்த காற்று என்று அவர் தகப்பனாருக்குத் தெரிவித்தார். ராணிக்கும் கணவருக்கும் வாதக் கோளாறு வந்துவிடக் கூடாதே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்த மருத்துவர் உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மேற்கு மலைகளில் மோதித் தன் சுமையைக் கொட்டிவிடுகிறது. கிழக்கே டீ பள்ளத்தாக்குக்கு வந்து சேர்வது மிச்சம் மீதிதான். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் கேரளம் நனைய, இந்தப் பக்கம் நாம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது போன்ற அமைப்பு. நமக்குக் குறையாகத் தெரிவது அந்தக் குளிர் தேசத்தில் பெரிய வரமாக இருந்தது. கிளார்க்கின் ஆலோசனை ஒரே வரியில் முடிந்தது: அடுத்த வருடம் டீ நதிக்கரைக்குப் போங்கள்.

விக்டோரியா என்றால் நம் மனத்தில் எழும் உருவம், பழைய வெள்ளி ரூபாயில் இருக்கும் கிரீடம் சூடிய முகம். அல்லது கறுப்பு உடையில் உட்கார்ந்திருக்கும் வயதான கைம்பெண். இந்தக் கதையில் வரும் விக்டோரியாவுக்கு வயது 28. ஆல்பர்ட்டுக்கும் அதே வயது. 1840இல் திருமணம். இருவரும் முதன்முதலாக ஸ்காட்லாந்தைப் பார்த்தது 1842இல். ஜெர்மனியின் கோபர்க் பகுதியில், துரிங்கியக் காடுகளுக்கு அருகே வளர்ந்த ஆல்பர்ட்டுக்கு அந்த மலைகளைக் கண்டதும் சொந்த ஊர் நினைவுக்கு வந்தது. ஊரை விட்டு வந்து, மனைவியின் நாட்டில், மனைவியின் பதவிக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்த இளைஞர் அவர். அவருக்குப் பிடித்துப்போனதாலேயே அந்த மலைகள் விக்டோரியாவுக்கும் பிடித்தன என்று சொன்னால் மிகையில்லை.

அரண்மனைகளுக்கா பஞ்சம் என்று கேட்கலாம். பக்கிங்ஹாமும் விண்ட்சரும் பதவியோடு வந்தவை, பதவியோடு போகிறவை. ஒரு சுவரை இடிக்கவோ ஒரு மரத்தை நடவோ அரசாங்க அலுவலகங்களைக் கேட்க வேண்டும். பிரைட்டனில் கடற்கரை மாளிகை ஒன்று இருந்தது. வெளியே கால் வைத்தால் கூட்டம் சூழ்ந்துகொள்ளும். அதனால்தான் 1845இல் வைட் தீவில் ஆஸ்போர்ன் என்ற தோட்டத்தைச் சொந்தப் பணத்தில் வாங்கினார்கள். கடலோரத்தில் ஒரு வீடு ஆயிற்று. மலையில் ஒன்று வேண்டும் என்ற ஆசை மிச்சமிருந்தது.

பால்மோரல் வீட்டை 1830 முதல் குத்தகைக்கு வைத்திருந்தவர் சர் ராபர்ட் கார்டன் என்ற தூதர். பின்னாளில் பிரதமரான அபர்டீன் பிரபுவின் தம்பி. 1847 அக்டோபரில் காலை உணவு மேசையில் அவர் திடீரென்று உயிர்விட்டார். மீன் முள் தொண்டையில் சிக்கியது என்பார்கள். மீதிக் குத்தகைக் காலம் அண்ணனின் கைக்கு வந்தது. அதை ராணியின் குடும்பமே எடுத்துக்கொள்ளலாமே என்ற பேச்சு எழுந்தது. வீட்டைப் பார்த்துவிட்டு முடிவு செய்ய அவகாசம் இல்லை. அபர்டீன் நகரத்து ஓவியர் ஜேம்ஸ் கைல்ஸ் வரைந்த நீர்வண்ணப் படங்கள் வந்தன. படங்களைப் பார்த்தார்கள், பிடித்தது, 1848 பிப்ரவரியில் குத்தகை முடிந்தது. வீட்டுச் சாமான்களும் வேலையாட்களும் சேர்த்தே கைமாறினார்கள். கல்யாணத்துக்குப் பெண்ணின் படத்தை மட்டும் பார்த்துச் சரி சொன்ன காலத்து நம்பிக்கை அதில் இருந்தது.

1848 செப்டம்பர் 8, வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் அவர்கள் பால்மோரலில் வந்து இறங்கினார்கள். அந்த வருடம் ஐரோப்பாவில் பல அரியணைகள் ஆடின. பிப்ரவரியில் பிரெஞ்சு மன்னர் லூயி பிலிப் பட்டத்தைத் துறந்து இங்கிலாந்துக்குத் தப்பி ஓடிவந்தார். ஏப்ரலில் லண்டனில் வாக்குரிமை கேட்டுச் சார்ட்டிஸ்டுகள் திரண்டபோது, பிறந்து மூன்றே வாரமான கைக்குழந்தையோடு விக்டோரியா வைட் தீவுக்கு அனுப்பி வைக்கப்பட்டார். அப்படிப்பட்ட வருடத்தில், மதிய உணவு முடிந்த கையோடு எதிர்க் குன்றில் ஏறி நின்று, கீழே நதியையும் வீட்டையும் பார்த்தபோது அவருக்குக் கிடைத்த நிம்மதியை ஊகிக்கலாம். உலகத்தையும் அதன் குழப்பங்களையும் மறக்கச் செய்யும் இடம் என்ற பொருளில் அன்றைய நாட்குறிப்பில் எழுதி வைத்தார்.

வீடு சிறியது. அறைகள் இன்னும் சிறியவை. அடுத்த வருடம் அலுவல் நிமித்தமாக அங்கே வந்த சார்ல்ஸ் கிரெவில் என்ற அதிகாரி, சாதாரண நிலக்கிழார் குடும்பம்போல் இவர்கள் வாழ்வதைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார். அரச குடும்பம் முழுமைக்கும் காவல் ஒரே ஒரு போலீஸ்காரர். ராணி நினைத்தபோது தனியாக வெளியே கிளம்பி, குடியானவர் வீட்டுக்குள் நுழைந்து, கிழவிகளோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். பக்கத்து விஸ்கி ஆலைக்காரர் ஜான் பெக், வந்து பார்க்க முடியுமா என்று எழுதிக் கேட்டார். வந்து இறங்கிய நான்காம் நாளே தம்பதி பிள்ளைகளோடு ஆலை வாசலில் போய் நின்றார்கள். லாக்நகார் என்ற அந்த ஆலை இன்றும் பெயருக்கு முன்னால் ‘ராயல்’ என்று போட்டுக்கொள்கிறது. 1849இல் மிக் ஏரிக்கரையில் இரண்டு சிறு குடிசைகளைச் சேர்த்துச் செப்பனிட்டு, மாளிகையும் கூட்டமாகத் தோன்றும்போது ஓடி ஒளிய ஓர் இடம் செய்துகொண்டார்கள்.

மூன்று நான்கு விடுமுறைகளுக்குப் பின் குத்தகை வீடு போதவில்லை, சொந்தமாக வேண்டியிருந்தது. நிலத்துக்குச் சொந்தக்காரர்களான ஃபைஃப் குடும்பத்தின் அறங்காவலர்களோடு பேசி, முப்பதாயிரம் பவுண்டுக்கு மேல் கொடுத்து 1852இல் ஆல்பர்ட் அதை வாங்கினார். அரசாங்கப் பணம் அல்ல. பதவிக்கு உரிய சொத்தும் அல்ல. கணவனும் மனைவியும் தங்கள் பணத்தில் வாங்கிய குடும்பச் சொத்து. அதே ஆண்டு ஆகஸ்டில் ஜான் கேம்டன் நீல்ட் என்ற லண்டன் செல்வர் இறந்தார். வாழ்நாள் முழுக்கக் கஞ்சத்தனம் செய்து சேர்த்த சுமார் 2,50,000 பவுண்டைத் தனக்கு முன்பின் தெரியாத ராணிக்கு எழுதி வைத்திருந்தார். புதிய வீடு கட்டும் எண்ணத்துக்கு அது பெரிய தெம்பு.

வாங்கிய நிலத்தை அவர்கள் தமதாக்கிக்கொண்ட முறைதான் எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த பகுதி. 1852 அக்டோபர் 11ஆம் தேதி வீட்டுக்கு எதிரே உள்ள கிரெய்க் கோவன் குன்றின் உச்சிக்கு எல்லோரும் ஏறினார்கள். முதல் கல்லை விக்டோரியா வைத்தார். அடுத்தது ஆல்பர்ட். பிறகு பிள்ளைகள், மூத்தவரிலிருந்து வரிசையாக. பிறகு உடன் வந்த சீமாட்டிகள், வேலையாட்கள், குடியானவர்கள், அவர்கள் மனைவி மக்கள். பைப் வாத்தியம் முழங்கியது, விஸ்கி சுற்றி வந்தது, சிலர் ஆடினார்கள். குவியல் ஆள் உயரத்தைத் தாண்டியபோது ஆல்பர்ட் அதன்மேல் ஏறி உச்சிக்கல்லை வைத்தார். ஸ்காட்லாந்து மலைநாட்டில் நினைவுக்காகக் கல் குவிப்பது பழைய வழக்கம். வெளியூர்த் தம்பதி அந்த வழக்கத்துக்குள் தங்களைக் கொண்டுபோய் வைத்தார்கள். பத்திரத்தில் போட்ட கையெழுத்தைவிட அந்தக் கல் ஆழமான உரிமை. பின்னாளில் பிள்ளைகளின் திருமணத்துக்கு ஒன்று என்று அந்தக் குன்றுகளில் கற்குவியல்கள் எழுந்துகொண்டே போயின.

கட்டட வேலைக்கு அபர்டீன் நகரக் கட்டடக் கலைஞர் வில்லியம் ஸ்மித் அமர்த்தப்பட்டார். கார்டன் காலத்தில் பழைய வீட்டைப் பெரிதாக்கித் தந்தவர் இவருடைய தந்தை ஜான் ஸ்மித். வரைபடங்களில் ஆல்பர்ட்டின் கை விடாமல் பட்டது. ஜன்னல், கோபுரம், முகப்பு ஒவ்வொன்றிலும் மாற்றம் சொன்னார். கட்டி முடியும்வரை குடும்பம் பழைய வீட்டிலேயே தங்க வேண்டும் என்பதால், நூறு கஜம் வடமேற்கே தள்ளி மனை குறித்தார்கள். கல்லுக்காக வெளியே போகவில்லை. அதே நிலத்தின் கெல்டர் பள்ளத்தாக்கிலிருந்து வெட்டிய வெளிறிய சாம்பல் நிறக் கிரானைட். 1853 செப்டம்பர் 28 அன்று அடிக்கல். தேதி எழுதிக் குடும்பத்தார் கையெழுத்திட்ட தோல் ஓலையையும் அன்றைய நாணயங்களையும் ஒரு பாட்டிலில் இட்டு, கல்லுக்கு அடியில் இருந்த குழியில் வைத்து மூடினார்கள். விருந்துக்கும் நடனத்துக்கும் இரும்புக் கூடம் ஒன்று ஏற்கெனவே நின்றது. 1851இன் பெரும் பொருட்காட்சியில் ஆல்பர்ட்டின் கண்ணில் பட்ட மான்செஸ்டர்க் கம்பெனியிடம் பகுதி பகுதியாகச் செய்யச் சொல்லி, கொண்டுவந்து பூட்டியது.

வீட்டுக்குள் விரிக்கவும் உடுத்தவும் ஆல்பர்ட் ஒரு டார்ட்டனையே வடிவமைத்தார். கட்டம் போட்ட அந்தக் கம்பளித் துணியில் ஒவ்வொரு ஸ்காட்டிஷ் குலத்துக்கும் தனித்தனி வண்ண அடுக்கு உண்டு. ஆல்பர்ட் எடுத்துக்கொண்டது அந்த மண்ணின் கிரானைட்டை நினைவூட்டும் சாம்பல் நிறம். குறுக்கே கறுப்பும் சிவப்பும் ஓடின. பால்மோரல் டார்ட்டன் என்ற பெயரில் 1853 முதல் வழங்கிவரும் அந்தத் துணியை இன்றும் அரச குடும்பத்தாரும் மன்னரின் பைப் வாத்தியக்காரரும் தவிர வேறு யாரும் அணிவதில்லை. குலப்பெயர் இல்லாத ஊரில் ஒரு குடும்பம் தனக்கென்று ஒரு குல அடையாளத்தை நெய்துகொண்டது.

1855 செப்டம்பர் 7ஆம் தேதி புதுமனை புகுந்தார்கள். கோபுர வேலை இன்னும் முடியவில்லை. வாசலில் கால் வைத்தபோது நல்ல சகுனத்துக்காகப் பின்னாலிருந்து ஒரு பழைய செருப்பை எறிந்தார்கள். அந்த ஊர் வழக்கம் அது. மூன்றாம் நாள் இரவு, கிரைமியப் போரில் செவஸ்தபோல் வீழ்ந்தது என்ற தந்தி வந்தது. முந்தைய வருடம் பொய்ச் செய்தியை நம்பி அடுக்கி வைத்த விறகு கிரெய்க் கோவன் உச்சியில் அப்படியே இருந்தது. ஆல்பர்ட் வீட்டாரோடு இருட்டில் மலையேறிக் கொளுத்தினார். அந்த மாதக் கடைசியிலேயே இன்னொரு நல்ல செய்தி. விருந்தாளியாக வந்திருந்த பிரஷ்ய இளவரசர் ஃபிரெடரிக் வில்லியம், மலைச்சரிவில் வெள்ளை ஹெதர்ப் பூ ஒன்றைப் பறித்து மூத்த மகளிடம் நீட்டித் தன் மனத்தைச் சொன்னார். வீடு முடிவதற்குள் அதில் ஒரு கல்யாணப் பேச்சு முடிந்துவிட்டது. 1856இல் கட்டடம் நிறைவடைந்து பழைய வீடு இடிக்கப்பட்டது. அதன் வாசற்படி இருந்த இடத்தைப் புல்வெளியில் ஒரு கல் மட்டும் அடையாளம் காட்டுகிறது.

அந்த மகிழ்ச்சிக்கு வெளியே இருந்த உலகத்தையும் சொல்ல வேண்டும். அதே காலத்தில் ஸ்காட்லாந்து மலைநாட்டின் பல பகுதிகளில், ஆடு மேய்க்க இடம் வேண்டி நிலக்கிழார்கள் குடியானவர்களை வீட்டோடு பெயர்த்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 1846இல் தொடங்கிய உருளைக்கிழங்கு நோய் பத்து வருடம் பஞ்சத்தைக் கொண்டுவந்தது. கப்பலேறி கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனவர்கள் ஏராளம். ராணி ரசித்த தனிமையில், ஆளற்றுப்போன பள்ளத்தாக்குகளின் மௌனமும் கலந்திருந்தது. பால்மோரல் தம்பதி தங்கள் குடிகளுக்கு நல்ல வீடுகள் கட்டிக்கொடுத்தார்கள். ஆயினும் தனிமைக்கு அவர்களும் விலை வைத்தார்கள்: நதியின் தென்கரையில் வீட்டை ஒட்டிப் போன பொதுச்சாலை மூடப்பட்டது, ஊரார் வடகரைக்குப் போக, இசம்பார்ட் புருனெல் என்ற மாபெரும் பொறியாளர் வடிவமைத்த இரும்புப் பாலம் 1857இல் எழுந்தது. பாலம் அழகானதுதான், வழியை மாற்றிக்கொண்டவர்கள் ஊர்க்காரர்கள்தான்.

வீடு கட்டி முடித்தவர்கள் அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கவில்லை. மட்டக்குதிரையில் ஏறி நாள்கணக்கில் மலைகளைச் சுற்றினார்கள். 1860 செப்டம்பரில் சர்ச்சில் பிரபு, சர்ச்சில் சீமாட்டி என்று பொய்ப்பெயர் வைத்துக்கொண்டு, கிரான்டவுன் என்ற சிற்றூரின் விடுதியில் இரவு தங்கினார்கள். யார் என்று தெரியாமல் பரிமாறிய ஊரில், யாரோ ஒரு கணவன் மனைவியாக ஓர் இரவு. 1861 அக்டோபரில் இன்னொரு மலைப்பயணம். உச்சியில் பகலுணவு முடிந்ததும், இங்கே சாப்பிட்டோம் என்று ஆல்பர்ட் ஒரு தாளில் எழுதி, சோடா பாட்டிலுக்குள் போட்டு மண்ணில் செருகி வைத்தார். அடிக்கல்லுக்குக் கீழே ஒரு பாட்டில், மலை உச்சியில் ஒரு பாட்டில். இரண்டாவதே அவர்கள் சேர்ந்து போன கடைசிப் பயணத்தின் சாட்சி ஆகிவிட்டது. அந்த டிசம்பர் 14ஆம் தேதி விண்ட்சரில் ஆல்பர்ட் இறந்தார். வயது 42.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் தகப்பனை இழந்த ஆறு பிள்ளைகளோடு விக்டோரியா மறுபடியும் குன்றேறி, மறுபடியும் கல் வைத்தார். முப்பத்தைந்து அடி உயரத்தில் பிரமிடுபோல் எழுந்த அந்தக் கற்கூம்பு பள்ளத்தாக்கில் எங்கிருந்து பார்த்தாலும் தெரியும். மனமுடைந்த கைம்பெண் எழுப்பியது என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அதற்குப் பின் ஒவ்வோர் ஆண்டும் வசந்தத்தில் ஒருமுறை, இலையுதிர்காலத்தில் ஒருமுறை என்று அவர் பால்மோரலுக்கு வந்தார். கோப்புகளைத் தூக்கிக்கொண்டு இவ்வளவு தூரம் வரவேண்டியிருக்கிறதே என்று அமைச்சர்கள் முணுமுணுத்தார்கள், அவர் அசையவில்லை.

ஆனால் மிக் ஏரிக்கரைக் குடிசையில் தங்க அவருக்கு மனம் வரவில்லை. அங்கே இருவராக மட்டுமே இருந்து பழக்கம். அதே ஏரியின் மறு கோடியில், கிளாசால்ட் அருவிக்கு அருகே 1868இல் சிறு வீடு ஒன்றைக் கட்டிக்கொண்டார். ஆல்பர்ட் பார்த்திராத, அவர் யோசனை படாத முதல் வீடு. அதைத் தன் கைம்பெண் வீடு என்றே சொன்னார். துக்கம் பழைய இடத்திலேயே உறைந்துவிடாமல் புதிதாக ஒன்றைக் கட்ட முன்வந்த வருடம் அது. அதே 1868இல் தன் மலைநாட்டு நாட்குறிப்புகளிலிருந்து ஒரு பகுதியைப் புத்தகமாக வெளியிட்டு ஆல்பர்ட்டின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். பெருவாரியாக விற்றது. 1866இலேயே பக்கத்து ஊரான பாலட்டர்வரை ரயில் வந்துவிட்டதால், படித்தவர்கள் பார்க்கவும் வந்தார்கள். கட்டம் போட்ட துணி, கில்ட் உடை, பைப் இசை, மூலைக்கோபுரம் வைத்த கல் மாளிகை என்று இன்று உலகம் ஸ்காட்லாந்தாக எண்ணும் சித்திரத்தில் பெரும்பங்கு இந்தத் தம்பதியின் விடுமுறையிலிருந்து வந்தது.

என் கணக்கில் பால்மோரல் பிறந்து முடிந்தது 1856இல் அல்ல, 1878இல். மாளிகைக்கு மேற்கே பாலக்புயி என்ற பழைய பைன் காடு. மனிதர் நடாமல் தானே முளைத்துத் தானே வளர்ந்த ஸ்காட்லாந்துப் பூர்வ பைன் மரங்கள். மர வியாபாரிகளின் கோடரி அதன்மேல் விழவிருந்த நேரத்தில் விக்டோரியா அந்தக் காட்டை விலைக்கு வாங்கினார். அதில் வீடு கட்ட அல்ல, வெட்டாமல் விடுவதற்கு. அந்தக் காட்டைப் பற்றி ஊரில் ஒரு கதை உண்டு: முன்னொரு காலத்தில் மெக்கிரகர் குலத்தவர் ஒருவர், போர்த்திக்கொள்ள ஒரு டார்ட்டன் போர்வைக்காக மொத்தக் காட்டையும் விற்றுவிட்டாராம். விக்டோரியா அங்கே ஒரு கல் நாட்டி, காட்டைத் தான் அடைந்த நாளையும், ஸ்காட்லாந்திலேயே அழகான போர்வை இதுதான் என்ற பொருள்பட ஒரு வரியையும் பொறிக்கச் செய்தார். கணவர் துணியில் நெய்த மண்ணை மனைவி மண்ணாகவே காப்பாற்றினார். பிரிட்டனில் எஞ்சியிருக்கும் பூர்வ பைன் காடுகளில் பாலக்புயி இன்றும் பெரிய ஒன்று.

அந்த வீடு தொடர்ந்து தனிச்சொத்தாகவே கைமாறி வந்திருக்கிறது. 1936இல் எட்டாம் எட்வர்ட் முடி துறந்தபோது, தம்பி ஆறாம் ஜார்ஜ் பால்மோரலை அண்ணனிடமிருந்து விலை கொடுத்தே வாங்க வேண்டியிருந்தது. பதவி தானாக வந்தது, வீடு வரவில்லை. ஜார்ஜின் மகள் இரண்டாம் எலிசபெத் 2022 செப்டம்பர் 8 அன்று அங்கேதான் கண் மூடினார். அவர் தந்தையின் கொள்ளுப்பாட்டியான விக்டோரியா முதன்முதலாக வந்து இறங்கிய அதே தேதி, 174 வருடங்கள் கழித்து. எலிசபெத்தின் சவப்பெட்டியைச் சுமந்து வெளியே கொண்டுவந்தவர்கள் அந்தத் தோட்டத்து வேட்டைக் காவலர்கள். 2024இல் மாளிகையின் உள்ளறைகள் முதன்முறையாகப் பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட்டன.

விடுமுறை இடங்களின்மேல் தம்பதிகளுக்கு வரும் பற்று பெரும்பாலும் அவர்களோடு முடிந்துபோகும். பால்மோரலின் பற்று முடியாமல் போனதற்குக் காரணம், அது ஒவ்வொரு கட்டத்திலும் வேலையாக மாறியதுதான். கல் சுமந்தார்கள், படம் வரைந்தார்கள், துணி நெய்வித்தார்கள், ஒருவர் போன பின் மற்றவர் காட்டை மீட்டார். நல்ல வெயிலுக்காக வந்த இடத்தின்மேல் கொண்ட அன்பு, தன் காலத்துக்குப் பின்னும் நிற்கப்போகிற மரங்களுக்காகப் பணம் எடுத்து வைக்கும் அளவுக்கு வளர்ந்தது. ஓர் இடத்தை நேசிக்கிறோம் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் எல்லோரும் எட்ட வேண்டிய அளவு அது.